புற்றுநோய் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் உயிரியல் லேபில் வேலை என்று தெரிந்ததும், கல்யாணப் பந்தியிலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சரி, ஆட்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நின்ற வாக்கில் பாதிப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை இங்கே தேட வேண்டாம்.

1. லேப்ல உட்கார்ந்து அப்படி என்னதான் செய்வீங்க?

பெரும்பாலான நாள் செல் வளர்ப்புதான். கட்டியிலிருந்து வந்த செல்களைப் பிளாஸ்டிக் குடுவையில் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் ஊற்றி, 37 டிகிரி சூட்டில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வைத்திருப்போம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். தீபாவளி ஆனாலும் யாராவது ஒருவர் வந்தே ஆக வேண்டும். அப்புறம் அந்தச் செல்லில் ஒரு மரபணுவை அணைத்துப் பார்ப்பது, ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்ப்பது, செல் சாகிறதா, பெருகுகிறதா, இடம் நகர்கிறதா என்று அளப்பது.

எல்லாரும் மருந்து தேடிக்கொண்டிருக்கிறோம் என்று வெளியே நினைக்கிறார்கள். நிஜத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவர் ஐந்தாறு வருஷம் ஒரே ஒரு புரதத்தின் பின்னால் அலைவார். அது எப்போது விழிக்கிறது, எதோடு ஒட்டுகிறது, அது இல்லாவிட்டால் செல் என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அது மருந்தாவது வேறு கதை. பல நேரம் ஆவதே இல்லை.

2. இவ்வளவு பணம், இத்தனை வருஷம்... இன்னும் ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியலையா?

ஒரு மருந்து என்று கேட்பதில்தான் சிக்கல். புற்றுநோய் ஒரே வியாதி இல்லை. ரத்தப் புற்றும் கணையப் புற்றும் தொடங்கும் இடம், கெட்டுப்போன மரபணு, மருந்துக்கு மசியும் விதம் எல்லாவற்றிலும் வேறு. அதனால் வெற்றியும் துண்டு துண்டாகத்தான் வந்திருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் அது வந்தால் சில மாதங்கள்தான். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமெடுத்தது. சரி, அதற்கு எதிரானதைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அந்த எதிர்ப்பொருளை அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் தயாரித்துக் கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அதே வருஷம் சுப்பாராவ் இறந்துவிட்டார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் தினமும் ஏறுகிறது. இப்போது வசதியான நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று இன்னொரு கதை. அந்த நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960இல் பிலடெல்பியாவில் பார்த்தார்கள். 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதுதான் காரணம் என்று 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல். நாற்பத்தோரு வருஷம். அதுவும் ஒரே ஒரு கோளாறு ஆட்டிப்படைக்கிற நோய் என்பதால்தான் இவ்வளவு தூரம் வந்தது. பெரும்பாலான கட்டிகளில் கோளாறுகள் ஏராளம், அவை மாறிக்கொண்டும் இருக்கும்.

3. குடுவையில வளர்க்கிற அந்த செல் யாரோடது?

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹீலா செல். ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்று இருப்பது தெரிந்தது. எடுத்த திசுவில் கொஞ்சம் லேபுக்குப் போனது. அதற்கு முன் எடுத்த மனித செல்களெல்லாம் கொஞ்ச நாளில் செத்துப்போயின. இவருடையது மட்டும் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போனது, இன்னும் போகிறது. அவர் அந்த வருஷம் அக்டோபரில் 31 வயதில் இறந்தார்.

அவரிடமும் கேட்கவில்லை, குடும்பத்திடமும் கேட்கவில்லை. குடும்பத்துக்கு விஷயம் தெரிய வந்ததே 1970களில். அந்தச் செல்லை விற்றுச் சம்பாதித்த ஒரு நிறுவனத்தோடு 2023இல்தான் குடும்பத்தார் வழக்கில் சமரசத்துக்கு வந்தார்கள். இன்று நோயாளியிடம் கையெழுத்து வாங்காமல் திசுவைத் தொடக்கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த மாதிரிக் கதைகள்தான் காரணம். இதற்கு 11ஆம் கேள்வியில் திரும்பி வருகிறேன்.

4. எலிக்குக் குணமாச்சுன்னா மனுசனுக்கு ஏன் ஆகலை?

லேப் எலிக்கு வருவது பெரும்பாலும் நாங்கள் வரவழைத்த புற்று. பல சோதனைகளில் தைமஸ் சுரப்பி இல்லாத, உடம்பில் முடியில்லாத எலியின் தோலுக்கடியில் மனிதக் கட்டியின் செல்லை ஊசியால் ஏற்றுவோம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த எலி என்பதால்தான் அந்நிய செல்லை அது தள்ளிவிடாமல் இருக்கிறது. ஆக, இளவயது எலி, சில வாரத்தில் வளர்ந்த கட்டி, எதிர்ப்பு இல்லாத உடம்பு. அறுபது வயதில், பல வருஷமாக உள்ளேயே வளர்ந்து, உடம்பின் காவலை ஏமாற்றப் பழகிய கட்டியோடு வரும் மனிதர் எங்கே?

1998 மே மாதம் ஒரு பெரிய அமெரிக்க நாளிதழ் முதல் பக்கத்தில் ஜூடா ஃபோக்மேனின் எலிச் சோதனையைப் போட்டது. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை வளரவிடாமல் செய்தால் கட்டி சுருங்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. அந்த மருந்தை வைத்திருந்த சின்னக் கம்பெனியின் பங்கு விலை எகிறியது, நோயாளிகள் மருந்து கேட்டு போன் அடித்தார்கள். எண்டோஸ்டேட்டின் என்ற அந்த மருந்து மனிதர்களிடம் அந்த அற்புதத்தைச் செய்யவில்லை. ஆனால் ரத்தக் குழாயைத் தடுப்பது என்ற யோசனை வீணாகவில்லை. அதே வழியில் வந்த பெவாசிசுமாப் 2004இல் அனுமதி பெற்றது. அது குணமாக்கும் மருந்து இல்லை, சில வகைப் புற்றுகளில் நாளைக் கூட்டும் மருந்து. எலிச் சோதனையிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் இந்த அளவுதான், இதுவே பெரிய விஷயமும்கூட.

5. மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்லுதுன்னு நிரூபிச்சாச்சாமே? நித்யகல்யாணியும் அப்படித்தானாமே?

குடுவையில் உள்ள செல்லைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா, சாப்பிட்டால் அந்த அளவு ரத்தத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதில்தான் பெரும்பாலானவை விழுகின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின் விழுவது இங்கேதான். கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது, சேர்ந்ததும் சீக்கிரம் சிதைகிறது. போதாததற்கு, லேப் சோதனைக் கருவிகளையே அது குழப்பிப் பொய்யான நல்ல முடிவைக் காட்டும். யாருக்கு எது என்று தெரியாமல் மறைத்து, ஒப்பிட்டுச் செய்த மனிதச் சோதனை ஒன்றும் வெற்றி பெறவில்லை என்று 2017இல் வெளியான ஒரு விரிவான மதிப்பாய்வு எழுதியது. ரசத்தில் மஞ்சள் போடுவதை இதற்காக நிறுத்த வேண்டாம். கீமோ ஓடும்போது டாக்டரிடம் சொல்லாமல் குர்குமின் மாத்திரை விழுங்க வேண்டாம்.

நித்யகல்யாணி விஷயம் நிஜம். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வந்தவைதான். 1950களில் அது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் பார்க்கப்போய், எலியின் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கவனித்தார்கள். மேலே சொன்ன குழந்தைகளின் ரத்தப் புற்றில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் ரத்தக் குழாய்க்குள் அளந்து ஏற்ற வேண்டிய, அளவு தப்பினால் உடம்பின் நரம்புகளையே கெடுக்கும் பொருள் அது. வீட்டு வாசலில் இருக்கிறதே என்று இலையை மென்று தின்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

6. ட்ரையலில் இருந்த அத்தனை பேருக்கும் குணமாச்சுன்னு செய்தி வந்ததே, அது பொய்யா?

பொய் இல்லை. 2022 ஜூனில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்திலிருந்து வந்த முடிவு அது. டோஸ்டர்லிமாப் என்ற, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் திருப்பும் மருந்து கொடுத்த 12 மலக்குடல் புற்று நோயாளிகளுக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆபரேஷன், கதிர்வீச்சு எதுவும் தேவைப்படவில்லை. படித்தபோது எங்கள் லேபிலேயே கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

செய்தியில் விட்டுப்போனது ஒன்று. அந்தப் பன்னிரண்டு பேரும் டி.என்.ஏ. பிழைதிருத்தும் மரபணு பழுதான வகைக் கட்டி உள்ளவர்கள். மலக்குடல் புற்று வரும் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அந்த வகை. பிழைகள் குவிந்த கட்டி என்பதால் உடம்பின் காவல் செல்களுக்கு அது எளிதில் அடையாளம் தெரிகிறது. மற்ற தொண்ணூறு பேருக்கு இதே மருந்து இப்படி வேலை செய்யாது. 'யாருக்கு?' என்ற ஒரு சொல் தலைப்பில் இருந்திருந்தால் எனக்கு அந்த வாரம் பாதி போன் வந்திருக்காது.

7. ஃபேஸ் ஒன்று, இரண்டு, மூன்றுன்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

முதல் கட்டத்தில் கேள்வி அளவைப் பற்றியது: எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்? சில பத்துப் பேர் இருப்பார்கள். மற்ற மருந்துகளுக்கு இதில் ஆரோக்கியமானவர்கள் வருவார்கள். புற்றுநோய் மருந்துகள் பலவும் நச்சு என்பதால் பெரும்பாலும் நோயாளிகளே, அதுவும் மற்ற வழிகள் தீர்ந்தவர்கள். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் நூற்றுக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இப்போதுள்ள நல்ல சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள்.

முதல் கட்டத்துக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் கடைசியில் அனுமதி வரை போகின்றன. 6ஆம் பதிலில் சொன்ன 12 பேர் சோதனை இரண்டாம் கட்டம்.

8. எங்க அப்பாவை ட்ரையல்ல சேரச் சொல்றாங்க. சோதனை எலி ஆக்கப் பார்க்கிறாங்களா? வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்துட்டா?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நல்ல சிகிச்சை ஏற்கனவே இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை மட்டும் கொடுக்க, சோதனை முறையானதா என்று பார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு விடாது. வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. அதன் மேல் ஒரு பகுதியினருக்குப் புது மருந்து, இன்னொரு பகுதியினருக்கு வெற்று மருந்து என்பதே வழக்கம்.

அப்பாவுக்குப் புரியும் மொழியில் எழுதிய தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கலாம். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. 2019இல் வந்த இந்திய விதிகளின்படி சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு. இந்தியாவில் நடக்கும் எந்த மருந்துச் சோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் 2009 முதல் கட்டாயம் பதிவாக வேண்டும், பதிவு எண்ணை வைத்து நீங்களே தேடிப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை தடவை வர வேண்டும், கூடுதல் ஸ்கேனுக்கு யார் பணம், பஸ் செலவு தருவார்களா என்பதையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்விகள் இல்லை. முதல் கட்டச் சோதனை என்றால் குணமாகும் என்று எதிர்பார்த்துச் சேர வேண்டாம். 7ஆம் பதிலில் சொன்னபடி அங்கே கேள்வியே வேறு.

9. குலுக்கல்ல ஒரு பாதிக்கு ஒண்ணுமே கொடுக்காம விடறது பாவம் இல்லையா?

இது நியாயமான கேள்வி, நம் ஊரிலேயே நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டுவாக்கில் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள ஒரு மருத்துவ மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் சங்கரநாராயணன் குழுவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், அதாவது வினிகர் மாதிரி, கெடத் தொடங்கிய இடம் ஒரு நிமிஷத்தில் வெளுக்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் இதை வெறும் கண்ணால் பார்த்தே உயிரைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. 114 ஊர்த் தொகுதிகளில் 57 தொகுதிப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை சோதனை, மற்ற 57க்கு அப்போதிருந்த வழக்கமான கவனிப்பு. 2007இல் முடிவு வெளியானபோது, சோதித்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

இங்கேயும், மும்பை, உஸ்மானாபாத்தில் நடந்த இதே மாதிரி ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக்கு வைத்த பெண்களை ஏன் சோதிக்கவில்லை என்று பின்னால் கடுமையான விமர்சனம் வந்தது. கருப்பைவாய்ச் செல்லைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் சோதனை மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாக இருந்ததே என்றார்கள். அந்த ஊர்களில் எந்தச் சோதனையும் நடைமுறையில் இல்லை, பாப் சோதனைக்குத் தேவையான லேபும் நிபுணரும் இல்லை, ஒப்பிடாமல் நர்ஸ் முறையை எந்த அரசும் நம்பியிருக்காது என்பது ஆய்வாளர்கள் பதில். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முடிவு தெரிந்துவிட்ட இன்று, சோதனை இல்லாத ஒரு குழுவை வைத்து யாராவது ஆய்வு கேட்டால் என் கை அதில் கையெழுத்துப் போடாது. இப்போது அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதே முறையில் சோதனை செய்கிறார்கள்.

10. மருந்துக் கம்பெனிங்க குணமாக்குற மருந்தை மறைச்சு வெச்சிருக்காங்களாமே?

மறைத்து வைப்பதைவிட விற்பதில்தான் அவர்களுக்குக் காசு. 2ஆம் பதிலில் வந்த இமாட்டினிப்பை கிளிவெக் என்ற பெயரில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றார்கள். அதன் மாற்று வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸின் மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளியது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. காப்புரிமை முடிந்த மலிவு மருந்தைச் சோதிக்க எந்தக் கம்பெனியும் பணம் போடாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதைத்தான் செய்து காட்டியது. மார்பகப் புற்று ஆபரேஷனுக்குச் சில நிமிஷம் முன் கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி மருந்தான லிடோகெய்னைப் போட்டார்கள். 2023இல் வெளியான முடிவில், ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 86.4இலிருந்து 90.1 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். மருந்தின் விலை ஒரு டீ, பன் செலவுக்குப் பக்கம்.

அதே மருத்துவமனை முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்புச் சக்தி சார்ந்த ஊசி மருந்தை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தது. கூடவே எல்லாருக்கும் விலை குறைந்த வாய்வழி மருந்துகள், அதில் சுப்பாராவ் வழி வந்த மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16.3 சதவீதம், குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். முழு அளவோடு ஒப்பிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் முழு அளவை வாங்கவே முடியாதவர்களுக்கு அந்த ஒப்பீடு எதற்கு?

11. பயாப்ஸி எடுத்த துண்டை ஆராய்ச்சிக்குக் கேக்கறாங்க. தரலாமா?

நோயைக் கண்டறியத் தேவையானது போக மிச்சம் இருப்பதைத்தான் கேட்பார்கள். தராவிட்டால் சிகிச்சை மாறாது. நான் தரச் சொல்வேன். உலக மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் ஆட்களின் கட்டிகளைப் படித்துத் தரவு சேர்க்க ஐ.ஐ.டி. மெட்ராஸ் தேசியப் புற்றுத் திசு வங்கி ஒன்றை நடத்துகிறது. 2025இல் மார்பகப் புற்றின் மரபணுத் தொகுப்பையும் வெளியிட்டது. தாளில் பெயர் நீக்கப்படுமா, பின்னால் வேறு ஆய்வுக்கும் பயன்படுமா, வெளிநாட்டுக்குப் போகுமா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஹென்ரியட்டா லேக்ஸுக்குக் கிடைக்காத தாள் அது.

12. பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சின்னா நம்பலாம்தானே?

ஒரு கட்டுரையை வைத்து நம்ப வேண்டாம். பெயர்பெற்ற 53 புற்றுநோய்க் கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்க ஒரு அமெரிக்கக் குழு இறங்கியது. மூலக் கட்டுரையை மட்டும் படித்து ஒரு சோதனையைக்கூட வடிவமைக்க முடியவில்லை, எல்லாவற்றுக்கும் எழுதியவர்களிடமே விவரம் கேட்க வேண்டியிருந்தது. 2021இல் முடிந்தபோது 23 கட்டுரைகளின் 50 சோதனைகளைத்தான் செய்ய முடிந்திருந்தது. அவற்றிலும் விளைவின் அளவு, நடுமதிப்பாகப் பார்த்தால், முதலில் சொன்னதைவிட 85 சதவீதம் சிறியது.

ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் அது இல்லை. சின்ன எண்ணிக்கை, நல்ல முடிவை மட்டும் அச்சேற்றும் பழக்கம், சில நேரம் தவறான செல். எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற செல்லை மார்பகப் புற்று என்று நம்பி ஏகப்பட்ட கட்டுரைகள் வந்தன. கடைசியில் அது தோல் கருமைப் புற்றின் செல் என்று தெரிந்தது. ஹீலா செல்லும் இப்படிப் பல லேபுகளில் மற்ற குடுவைகளுக்குள் புகுந்து ஆக்கிரமித்திருக்கிறது. இப்போது நல்ல ஆய்விதழ்கள் செல்லின் மரபணு அடையாளச் சான்றைக் கேட்கின்றன.

13. ட்ரையல் முடிஞ்சதும் அந்த மருந்தை நிறுத்திடுவாங்களா? கேக்குதுன்னு தெரிஞ்சப்புறம் எங்க போறது?

கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். 8ஆம் பதிலில் சொன்ன 2019 விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. மருந்து அந்த நோயாளிக்குப் பலன் தந்திருக்க வேண்டும், வேறு சிகிச்சை இருக்கக் கூடாது, ஆய்வு செய்யும் மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் சோதனைக்குப் பிறகும் இலவசமாகக் கொடுக்கலாம். நோயாளியும் அதற்குச் சம்மதம் எழுதித் தர வேண்டும்.

தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். தகவல் தாளில் இதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் அதே தாளில் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் அச்சிட்டிருக்கும். நோயாளி வீட்டார் அழைப்பதற்காகத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள்.